பனியனுக்குள் அறுநூறு வெள்ளி

கப்பலில் நான்கு நாள் இருந்தேன். நான்கு நாளும் என் வலது கை இடது மார்பின் மேலேயே இருந்தது. முதல் நாளே சூரத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நெஞ்சு வலியா? என்னிடம் மாத்திரை இருக்கிறது" என்று இந்தியில் கேட்டார். எனக்கு நெஞ்சில் வலி இல்லை, பணம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியுமா? வாய்வு என்று சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் என்னைக் கண்டால் போதும், உருளைக்கிழங்கைச் சுட்டிக்காட்டி, வேண்டாம் என்று தலையாட்டுவார்.

திருப்பூரை ஒட்டின நல்லூரில் எனக்குப் பன்னிரண்டு மெஷின் போட்ட பனியன் தையல் யூனிட். எங்களுக்குத் தையல் நூல் தருகிற ஏஜென்ட், அந்த வருடம் அதிகமாக நூல் எடுத்தவர்களை ஜோடி ஜோடியாகச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய்க் கப்பலேற்றினார். ஓசிப் பயணம். ஓசியில் போகிறவன் காலை நீட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே? என் நேரம், கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் ஜெசிந்தா வந்து நின்றாள்.

ஜெசிந்தா எங்கள் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறவள். தூத்துக்குடிப் பக்கம். அவள் புருஷன் அந்தோணி சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவந்தான். லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்து, இரண்டு மாதமாகத் தங்குமிடத்தில் கிடந்தான். வேலை பர்மிட் அடுத்த வாரம் செவ்வாயோடு முடிகிறது. டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்ன காண்ட்ராக்டர் ஃபோனை எடுப்பதில்லை. அதனால் அந்தோணியே தெரிந்த டிக்கெட் கடையில் திங்கட்கிழமை திருச்சி விமானத்தில் ஓர் இடம் சொல்லிவைத்திருந்தான். ஞாயிறு மூன்று மணிக்குள் பணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் புதன்கிழமையிலிருந்து அந்த ஊரில் அவன் திருட்டுத்தனமாக இருப்பவன். போலீஸ் பிடித்தால் ஜெயில்.

"அண்ணாச்சி, பேங்குல கேட்டா ஆயிரம் காயிதம் கேக்காவ. போன தடவ ஒருத்தன்ட்ட குடுத்து ஏமாந்துட்டோம். நீங்க அந்த ஊருக்குத்தான போறிய. அவரு கையில குடுத்துருங்க, புண்ணியமாப் போவும்."

அவள் காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் ஊட்டுக்காரி சரஸ்வதி, "அதுக்கென்ன கண்ணு, கொண்டுபோயிக் குடுத்தராங்க, நீ போயி வேலையப் பாரு" என்று சொல்லி முடித்துவிட்டாள். வாக்குக் கொடுப்பது அவள், சுமப்பது நான்.

கோயம்புத்தூரில் மாற்றியதில் ஐம்பது வெள்ளி நோட்டு பன்னிரண்டு வந்தது. அங்கே டாலரை வெள்ளி என்கிறார்கள். ஜெசிந்தா அதை ஒரு சின்ன பாலிபேக்கில் போட்டாள். கூடவே மடித்த காகிதம் ஒன்றையும் உள்ளே தள்ளினாள். நான் கேட்கவில்லை. பிறகு என் பனியன் ஒன்றை வாங்கி, உள்பக்கம் நெஞ்சில் ஒரு துண்டுத் துணியை வைத்துப் பை தைத்தாள். பையின் வாயைக் கீழே பார்த்த மாதிரி வைத்தாள். மேலே வாய் இருந்தால் சட்டைக்குள் கைவிட்டு எடுத்துவிடுவார்களாம். மூன்று பக்கமும் கெட்டித் தையல், வாயை மட்டும் செயின் தையலில் மூடி, ஒரு விரல் நீளத்துக்கு நூலைத் தொங்கவிட்டாள்.

"அவரு முன்னால வந்ததும் இந்த நூல ஒரு இழு இழுங்க அண்ணாச்சி. அம்புட்டும் அவுந்து கையில வந்து விழும். அதுவரைக்கும் தொடாதிய."

"எனக்கே தையல் சொல்லித் தர்றியா?" என்று சிரித்தேன். செயின் தையலின் குணம் எனக்குத் தெரியாதா? சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரு கஜம் தையலும் ஒரே மூச்சில் கழன்று வரும்.

புதன்கிழமை. விமான நிலையத்திலிருந்து நேராகத் துறைமுகம். அந்தோணியால் நடக்க முடியாது, கூட இருக்கும் பையனுக்கு ஞாயிறுதான் லீவு, அவன்தான் கூட்டிவரவேண்டும். நாங்கள் கப்பலைவிட்டு இறங்குவதும் ஞாயிறுதான். ஆகவே அறுநூறு வெள்ளியும் என்னோடு கடலுக்கு வந்தது. சொந்தச் செலவுக்கு ஐந்நூறு அமெரிக்க டாலர் தனியாக வைத்திருந்தேன். நூறு டாலர் நோட்டு ஐந்து. அது செலவுக்கு என்று பேர், உண்மையில் சரஸ்வதியின் செயினுக்கு. சிங்கப்பூர் தங்கத்தில் ஒரு செயின் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கப்பலில் காசு செல்லாது என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஒரு அட்டை தருகிறார்கள். காபி குடித்தாலும் அட்டை, தண்ணீர் வாங்கினாலும் அட்டை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகவேண்டியது, கடைசி நாள் மொத்தமாகத் தீட்டிவிடுவார்கள். எனக்கு ஆகவே ஆகாது. ஒரு காபி மூன்று வெள்ளி என்றால் எண்பது ரூபாய். எண்பது ரூபாய் என்றால் எங்கள் ஊரில் இருபது பனியன் தைக்கிற கூலி. "இருபது பீஸ் போச்சு" என்றேன். சரஸ்வதி, "கருமம், அதக் குடிச்சுப்போட்டாச்சும் பேசுங்க" என்றாள்.

சாப்பாடு மட்டும் இலவசம். ஏழுவிதப் பழம், பத்துவித ரொட்டி, பாதி உயிரோடு இருக்கிற மீன். இந்தியச் சாப்பாடு என்று ஒரு மூலை. அங்கே சாம்பார் என்று எழுதிய பாத்திரத்தில் இனிப்பாக ஏதோ இருந்தது. எங்கள் கூட்டத்துப் பெண்கள் அடுத்த வேளையே பருப்புப்பொடி டப்பாவோடு வந்தார்கள். சூரத்துக்காரருக்கும் ஒரு ஸ்பூன் போட்டோம். வாய்வை மறந்துவிட்டு எனக்கே நன்றி சொன்னார்.

வியாழக்கிழமை முழுக்கக் கடல். அறையில் அலமாரிக்குள் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. நான்கு எண் அழுத்திப் பூட்டிக்கொள்ளலாம். "பனியனக் கழட்டி அதுக்குள்ள வெச்சுப்போட்டு நிம்மதியா இருங்க" என்றாள் சரஸ்வதி. வைத்தேன். யூனிட் ஃபோனின் கடைசி நான்கு எண்ணை அழுத்தினேன். பூட்டிக்கொண்டது. சரிதானா என்று பார்க்க அதே எண்ணை அழுத்தினேன், கீச்சென்று கத்தியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி கத்தியது. சரஸ்வதி ஓடிப்போய் அறையைச் சுத்தம் செய்கிற பிலிப்பைன்ஸ் பையனைக் கூட்டிவந்தாள். அவன் சிரித்துக்கொண்டே போய் ஒரு அதிகாரியை அழைத்துவர, அவர் ஏதோ ஒரு கருவியை வைத்தார். இரண்டு நொடி. திறந்துவிட்டது.

எல்லாருக்கும் மகிழ்ச்சி, எனக்கு மட்டும் இல்லை. இவர் இரண்டு நொடியில் திறப்பார் என்றால் நான் எதற்குப் பூட்டவேண்டும்? பனியனை எடுத்து மாட்டிக்கொண்டவன்தான். குளிக்கும்போதுகூடக் கண்ணெதிரே கொக்கியில் தொங்கவிட்டு, திரையை மூடாமல் குளித்தேன். குளியலறை முழுக்கத் தண்ணீர். துவைக்கவும் முடியாது. உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிற ஊர்க்காரன் நான்கு நாள் ஒரே பனியனில் இருந்தேன் என்றால் எங்கள் காதர்பேட்டை பனியன் கடைகளில் யாராவது நம்புவார்களா?

வெள்ளிக்கிழமை புக்கெட். கப்பல் கடலிலேயே நின்றுவிட, சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போனார்கள். கரையிலே பணம் மாற்றும் கூண்டு. நான் நூறு டாலர் நோட்டை நீட்டினேன். உள்ளேயிருந்த பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மூலையைச் சுரண்டினாள், திருப்பித் தள்ளினாள். கள்ள நோட்டா என்று பதறிப்போனேன். அவள் ஒரு மூலையைச் சுட்டிக்காட்டினாள். பேனாவால் ஐந்து என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான்! சனிக்கிழமை சம்பளக் கட்டில் மேல்நோட்டில் எண்ணிக்கை எழுதுகிற கை, டாலரையும் விடவில்லை.

"எழுதுன நோட்ட வாங்கமாட்டாங்களாம்" என்று எங்கள் ஏஜென்ட் மொழிபெயர்த்தார். "நம்ம ஊருன்னு நெனச்சுட்டீங்களாங்க? கசங்கினாலே யோசிப்பாங்க, நீங்க கணக்கே போட்டிருக்கீங்க." வேறு நோட்டைக் கொடுத்து மாற்றினேன். அன்றைக்கு எல்லாரும் கடலில் இறங்கிக் குழந்தைகள் மாதிரி ஆடினார்கள். சரஸ்வதிகூடச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றாள். நான் சட்டை போட்டபடி மணலில் உட்கார்ந்து, கிட்ட வந்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன். "இப்படி வாரதுக்கு ஊட்லயே இருந்திருக்கலாம்" என்றாள் அவள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை பினாங்கு. இறங்கியதுமே காதில் தமிழ் விழுந்தது. பாதி நிம்மதி வந்துவிட்டது. அந்த நிம்மதிதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு தெருவில் வரிசையாகப் பணம் மாற்றும் கடைகள். அதில் ஒன்றில், தொப்பி போட்ட பெரியவர், "வாங்க, எந்த ஊரு?" என்று கேட்டார். திருப்பூர் என்றதும் தன் சட்டைக் கழுத்தை விலக்கி உள்பனியனைக் காட்டிச் சிரித்தார். மிச்சமிருந்த தாய்லாந்துப் பணத்தை அவரிடம் மாற்றிக்கொண்டு, மூன்றுசக்கர ரிக்‌ஷா ஒன்றில் ஏறினோம். அந்த ஊரில் ஆள் முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னால் இருந்து மிதிக்கிறார். வயசான சீனர். வெயிலுக்குச் சட்டையையும் பனியனையும் பேண்ட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிட்டிருந்தேன்.

எனக்கு எப்போதும் போல இருப்புக்கொள்ளவில்லை. அந்தோணி நாளைக்கு வருவானா, எங்கே நிற்பான், கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மனசு அலைந்தது. ஏதோ வயிற்றில் குறுகுறுத்தது. கையை விட்டுப் பார்த்தால், நூல். பிசிறு.

இருபத்திரண்டு வருஷமாகப் பிசிறு கண்டால் என் கை சும்மா இருந்ததில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையில் தொங்கினாலும் போய்ப் பிய்த்துவிடுவேன். பீஸில் ஒரு நூல் தொங்கினால் பெட்டியே திரும்பி வந்துவிடும் என்று தினம் ஐம்பது தடவை கத்துகிறவன். கை தன் பாட்டுக்கு இழுத்தது. நூல் வந்தது. சுகமாக, தடையே இல்லாமல், வந்துகொண்டே இருந்தது. சுருட்டி உருண்டையாக்கிக் காலடியில் போட்டேன். இதெல்லாம் நடக்கும்போது நான் சரஸ்வதியிடம் அங்கிருந்த கோயில் கோபுரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் மாற்றிய கடைக்குப் பக்கத்திலேயே இறங்கி, ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். நான்கு நாளில் முதல்முறையாக நம்ம ஊர்ச் சோறு. ஒரு வாய் எடுத்துவிட்டு, வழக்கம் போல நெஞ்சைத் தொட்டேன்.

தட்டையாக இருந்தது.

எச்சில் கையோடு ஓடினேன். ரிக்‌ஷாக்காரர் தெருமுனையில்தான் நின்றிருந்தார். "எட்றா பணத்த!" என்று கத்தினேன். மரியாதைக்குப் பேர்போன கொங்குநாட்டில் பிறந்த வாயா அது, எனக்கே தெரியவில்லை. அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். கூட்டம் கூடியது. பணக்கடைப் பெரியவர் இறங்கி ஓடிவந்து என் கையை விலக்கினார். என்னிடம் விஷயத்தைக் கேட்டு அந்தச் சீனரிடம் மலாய் மொழியில் சொன்னார். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். கால்சட்டைப் பையைக் காட்டினார். வண்டியின் மெத்தையைத் தூக்கித் தட்டினார். பிறகு காலடிப் பலகையிலிருந்து எதையோ பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை நூல் உருண்டை.

"இதுதான் கிடந்துச்சாம். வேற ஒண்ணுமில்லங்கிறாரு" என்றார் பெரியவர்.

சரஸ்வதி என் கையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க… பிசிறுன்னு இழுத்துப்போட்டீங்களா?" என்று கேட்டாள். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வேப்பங்குச்சி போட்ட அந்தக் காது கண்முன்னால் வந்து நின்றது.

அந்தச் சீனரே எங்களை மறுபடி ஏற்றிக்கொண்டு, வந்த வழியெல்லாம் மெதுவாக மிதித்தார். ஒரு பக்கம் நான், மறு பக்கம் சரஸ்வதி என்று தெருவைப் பெருக்குகிற மாதிரி பார்த்துக்கொண்டே போனோம். பாலிபேக் எத்தனையோ கிடந்தது. எங்களுடையது இல்லை. காசு கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டார்.

பணக்கடை வாசலுக்கே திரும்பி வந்தபோது கப்பலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. சரஸ்வதி என் கைப்பையைத் திறந்து மிச்சமிருந்த நான்கு நூறு டாலர் நோட்டையும் எடுத்தாள்.

"அது செயினுக்கு…"

"செயின் எங்கீங்க போயிரப்போவுது? செவ்வாக்கெழம தாண்டிப்போச்சுன்னா அந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

பெரியவர் பேனா எழுதிய நோட்டை மட்டும் தனியாக வைத்து, "இதுக்குக் கொஞ்சம் குறையத்தான் போடுவேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். ஒவ்வொரு நோட்டாக எங்கள் முன்னால் போட்டார், எங்களையும் எண்ணச் சொன்னார். சிங்கப்பூர் வெள்ளியாக அறுநூறும் மேலே கொஞ்சமும் தேறியது. அந்த அறுநூறைச் சரஸ்வதி வாங்கித் தன் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனி நீங்க தொடவே வேண்டாம்" என்றாள். முதல் நாளே இதைச் செய்திருக்கலாமே என்று தோன்றியது, சொல்லத் துணிவில்லை.

துறைமுக வாசலில் நுழையும்போது பின்னால் மணிச் சத்தம். அதே சீனர். வேர்க்க விறுவிறுக்க மிதித்து வந்திருந்தார். ஒருவேளை கிடைத்துவிட்டதோ என்று என் உயிர் துள்ளியது. அவர் நீட்டியது சரஸ்வதியின் மூக்குக்கண்ணாடி. மெத்தையின் இடுக்கில் கிடந்திருக்கிறது. மத்தியானம் அவர் சட்டையைப் பிடித்த கையால் அவரைக் கும்பிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஞாயிறு, சிங்கப்பூர். அந்த ஊர்க் கடிகாரத்தில் மணி ஒன்று. வெளியே வந்தால், தூணில் சாய்ந்தபடி ஊன்றுகோலோடு ஒருவன். பக்கத்தில் ஒல்லியாக இன்னொருவன். கண்டுபிடிக்கக் கஷ்டமே படவில்லை. அவன் போட்டிருந்த பனியன் எங்கள் யூனிட் பீஸ், மேலே பட்டன் போடாமல் ஒரு சட்டை.

"அண்ணாச்சி, வந்துட்டியளா! நான் காலைலயே வந்துட்டேன்" என்றான். சரஸ்வதி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் எண்ணவில்லை. கூட வந்தவனிடம் கொடுத்துவிட்டான். "ஓடுல, மூணு மணிக்குள்ள கட்டிரு." அந்தப் பையன் ஓடினான். எனக்கு நான்கு நாளில் முதல்முறையாக முழு மூச்சு வந்தது. கையை நெஞ்சிலிருந்து எடுத்தேன்.

அந்தோணி போகாமல் நின்றான். என் கையைப் பார்த்தான். சரஸ்வதியின் முந்தானையைப் பார்த்தான்.

"அவ கடுதாசி ஏதும் வச்சு விடலியா அண்ணாச்சி? ஃபோன்ல சொன்னா, பணத்தோட வச்சிருக்கேன்னு."

அந்த மடித்த காகிதம். அதை நான் மறந்தே போயிருந்தேன். பணத்தைத் தேடிப் பினாங்குத் தெருவெல்லாம் அலைந்தேனே, ஒரு தடவைகூட அது என் நினைவுக்கு வரவில்லை. செயினுக்கு வைத்திருந்ததைக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது. அது அப்படியே வற்றிப்போனது. எல்லாவற்றையும் சொன்னேன். நூலை இழுத்ததைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "பரவால்ல அண்ணாச்சி" என்றான். ஆனால் அவன் முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

பேனா நோட்டில் குறைத்தது போக மிஞ்சியிருந்த சில்லறையில் ஃபோன் அட்டை ஒன்று வாங்கி, அங்கிருந்த பொது ஃபோனில் யூனிட்டைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது பத்தரை மணி. ஷிப்மென்ட் நேரம், ஞாயிறும் யூனிட் ஓடும். மேஸ்திரி எடுத்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். பின்னால் பன்னிரண்டு மெஷினும் இரைந்தன.

"ஜெசிந்தா, பணம் குடுத்தாச்சு கண்ணு. டிக்கெட் கட்டப் போயாச்சு. ஆனா நீ வெச்ச கடுதாசிய…"

"நூல இழுத்துட்டியளா அண்ணாச்சி?"

"ஆமாங்கண்ணு."

"நெனச்சேன். நீங்க போனப்பறந்தான் தோணிச்சு, அண்ணாச்சிக்கிட்டப் போயி நூலத் தொங்கவிட்டுட்டமேன்னு."

என் பணத்தைக் கொடுத்ததை நான் சொல்லவில்லை. ரிசீவரை அந்தோணியிடம் கொடுத்துவிட்டு நாலு அடி தள்ளி நின்றேன். அப்படியும் கேட்டது. "என்னட்டி எழுதியிருந்த?" என்று கேட்டான். "சும்மா சொல்லு. இங்க யாருமில்ல. எல்லாம் சீனன்தான்." கேட்டுக்கொண்டே இருந்தான். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைத் தோளால் கண்ணைத் துடைத்தான். பிறகு சிரித்தான். அட்டையில் காசு தீர்ந்து, கொய்ங் என்று சத்தம் வரும்வரை வைத்திருந்தான்.

"என்னப்பா சொன்னாங்க?" என்று சரஸ்வதிதான் கேட்டாள்.

"எல்லாரும் நிக்காவளாம், வெக்கமா இருக்காம். செவ்வாக்கெழம நேர்ல வா, சொல்லுதேங்கா" என்றான்.

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். கண்ணைத் துடைத்த அந்தத் தோள் தையலில், வெள்ளையாக, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல தையல்காரன் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா? என் கை எழுந்துவிட்டது.

சரஸ்வதி ஓங்கி ஓர் அடி போட்டாள்.